பீரோ மேல் கிடக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் ஈரல் ஸ்கேன் பற்றிப் போனில் மூன்று தடவை பேச்செடுத்தேன். மூன்று தடவையும் "நான் என்ன குடிக்கிறவனாம்மா?" என்று கேட்டுவிட்டு, அங்கே மழை உண்டா என்று விசாரிக்கப் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். இந்தப் பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் முடிகிறது என்பதால் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'ஃபேட்டி லிவர், கிரேடு 2', அதாவது ஈரலில் நடுத்தர அளவுக்குக் கொழுப்பு, என்று எழுதியிருப்பதைச் சித்தி வாசித்துக் காட்டினார். அப்பாவுக்கும் முதலில் இதுவேதான் எழுதியிருந்தது.

அப்பா ஒரு சொட்டுக்கூடத் தொட்டவர் இல்லை. உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் காரியத்தன்று பந்தலில் இரண்டு பேர், "மறைவாக் குடிச்சிருப்பாரு போல" என்று பேசிக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1998-ல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்ட குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளைதான். டெல்லியில் ஆபரேஷன் நடந்தது. ஈரலில் ஒரு பகுதியைப் பெற்ற தகப்பனே கொடுத்தார். பித்தநாளம் பிறவியிலேயே சரியாக அமையாததால் வந்த நோய் அது. இருபது மாதக் குழந்தை என்ன குடித்திருக்கும்? அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகவும் ஆகிவிட்டார்.

குடி பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஈரலை அரிக்கும். நம் குடும்பத்துக்கு வாய்த்தது சர்க்கரையும் தொப்பையும். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகும்போது ஈரலில் கொழுப்பு சேர்கிறது. சிலருக்கு அது அப்படியே நின்றுவிடும். சிலருக்கு அழற்சி வந்து, புண் ஆறி ஆறித் தழும்பாகி, கடைசியில் ஈரலே இறுகிப்போகும். அதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். அதுவரை பெரும்பாலும் வலியே தெரியாது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு சரியாக இருந்தாலும் உள்ளே தழும்பு இருக்கலாம்.

அப்பாவின் கடைசி இரண்டு வருடத்தை நினைத்துப் பாருங்கள். தோளும் கையும் வற்றின, வயிறு மட்டும் பெருத்தது. தொப்பை என்றோம். வயிற்றில் நீர் கட்டியிருந்தது. பெரியவர்கள் மகோதரம் என்பார்களே, அதுதான். காலில் செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையாது. பல் துலக்கினால் ரத்தம் வந்தது, பிரஷ்ஷை மாற்றினோம். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஈரல்தான் செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? உள்ளங்கை சிவந்ததைப் பார்த்து "மருதாணி வெச்ச மாதிரி இருக்கே மாமா" என்று சித்தி கேலி செய்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு. பேங்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். வயசாகிவிட்டது என்றோம். ஈரல் கழிக்க வேண்டிய அம்மோனியா மூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலு நாள் மலம் கழியாவிட்டால் குழப்பம் இன்னும் கூடியது. பிறகு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்ததும் என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

தார் போலக் கறுப்பாக மலம் போனதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ரத்த வாந்தி. இறுகிய ஈரலுக்குள் போக முடியாத ரத்தம் உணவுக்குழாயின் ரத்தக் குழாய்களைப் புடைக்க வைத்து, அதில் ஒன்று வெடித்திருந்தது. கண் மஞ்சளானது அதற்கும் பிறகுதான். காமாலை வந்தால்தானே ஈரல் நோய் என்று அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம்.

உங்களுக்கு இதில் எதுவுமே இன்னும் இல்லை, சித்தப்பா. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன். ஃபைப்ரோஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. ஊசி கிடையாது, விலா மேல் வைத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் அன்றைக்கே செய்துவிடலாம். நீங்கள் 82 கிலோ. ஆறிலிருந்து எட்டு கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு நன்றாக வடியும், அழற்சியும் தணியும். சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஈரல் சுத்தமாகும் என்று யாரோ கொடுத்த பொடியைத் தினமும் வெந்நீரில் போட்டுக் குடிக்கிறீர்களாம். அதில் என்ன இருக்கிறதென்று டப்பாவில் ஒரு வரி இல்லை. மூலிகைப் பொடிகளாலேயே ஈரல் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. இன்றோடு அதை விட்டுவிடுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையையும்தான்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ரிப்போர்ட்டைப் பீரோ மேலிருந்து எடுத்து வையுங்கள். அந்தப் பொடி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் அண்ணன் மகள்