நீ ‘இதே’ என்று சொன்னது

கண்ணா,

நேற்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், லைன் சரியில்லை என்று ஃபோனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் பின்னால் ஆட்டோ ஒன்று படபடவென்று போனதுகூடக் கேட்டது. எத்தியோப்பியாவில் அதை பஜாஜ் என்றுதான் சொல்கிறார்கள் என்று முந்தின நாள் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நேற்று சிரிப்பு இல்லை.

தமிழிலேயே எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஆபீஸ் மெயில்தான் வருகிறது. மெதுவாகப் படி. வாராவாரம் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இதுவாவது பலனாக இருக்கட்டும்.

‘எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று உங்களுக்கு முன்னாடியே தெரியுமா’ என்று கேட்டாய். தெரியும். 2011 பிப்ரவரியிலிருந்து தெரியும். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் அவரிடம் கோபப்படாதே, சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை ஆரம்பித்தவர் அவர், தடுத்தது நான். எப்படித் தெரிந்தது என்பதை முழுசாகச் சொல்கிறேன். நடுவில் என்னை நல்லவளாக்கிக்கொள்ளாமல் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.

2010 அக்டோபரில் எத்தியோப்பியாவிலிருந்து உன்னைத் தத்தெடுத்துக் கூட்டிக்கொண்டு வாஷிங்டனில் இறங்கியபோது காகிதத்தில் உனக்கு ஐந்து வயது. ஆனால் முன்பற்கள் நாலும் விழுந்து முளைத்திருந்தன. பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஏழுக்குக் குறையாது என்றார். உங்கள் நாட்டு நாள்காட்டி ஏழெட்டு வருஷம் பின்னால் ஓடுகிறது, அந்தக் குழப்பத்தில் வந்த பிழையாக இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டோம். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். விண்ணப்பத்தில் ‘ஆறு வயதுக்குள்’ என்று நாங்கள் எழுதியிருந்தோம். அதனால்தான் உனக்கு ஐந்து.

உன் பாஷையில் எங்களுக்குப் பத்து வார்த்தை தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நீ சொல்வதையெல்லாம் காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைத்தேன். வுஹா, தண்ணீர். தாபோ, ரொட்டி. பெக்கா, போதும். (பெக்கா நீ சொல்லி நான் கேட்டதே இல்லை, அது ஏர்ப்போர்ட்டில் ஒரு அம்மா தன் பிள்ளையை அதட்டியபோது கற்றுக்கொண்டது. நீ வைத்ததையெல்லாம் சாப்பிட்டாய், மிச்சத்தைத் தலையணை உறைக்குள் வைத்தாய். இட்லி மூன்றாம் நாள் என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியும்.) வந்த புதிதில் எதைக் கேட்டாலும் நீ திடீரென்று மூச்சை உள்ளே இழுப்பாய், ஹக் என்று. பால் வேணுமா, ஹக். தூக்கம் வருதா, ஹக். பயந்து போகிறாயோ, இழுப்போ என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடி, அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார். உங்கள் ஊரில் ‘ஆமாம்’ சொல்வதே அப்படித்தான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நெஞ்சு பார்த்தோம்.

ராத்திரிதான் கஷ்டம். பதினோரு மணிக்கு மேல் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு ‘இதே, இதே’ என்று அழுவாய். எனக்கு அது தமிழாகத்தான் கேட்டது. எதைடா, இதுவா, இதையா என்று போர்வையைக் கொடுப்பேன், தண்ணீர் டம்ளரைக் கொடுப்பேன், பிளேனில் கொடுத்த கரடி பொம்மையைக் கொடுப்பேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ‘இதே’ என்பாய். நோட்டில் அதையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். நீ இப்போது பார்த்தால் தெரியும், அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நாலு தேதி இருக்கும்.

பிப்ரவரியில் சில்வர் ஸ்ப்ரிங்கில் இஞ்சேரா, உங்கள் ஊர்ப் புளித்த மாவு தோசை, வாங்கும் எத்தியோப்பியக் கடையில் கடைக்கார அம்மாவிடம் நோட்டைப் படித்துக் காட்டினேன். என் உச்சரிப்புக்குச் சிரித்துக்கொண்டே வந்தவர் ‘இதே’ என்றதும் நிறுத்திவிட்டார். எப்படிச் சொல்கிறான் என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். “இஹிதே. என் சகோதரி என்று அர்த்தம்” என்றார். அக்காவா தங்கையா என்று நான் கேட்டேன், பைத்தியக்காரி மாதிரி. இரண்டுக்கும் அங்கே ஒரே வார்த்தைதானாம். அக்காவா தங்கையா என்பதே உன்னிடமிருந்து நேற்றுத்தான் எனக்குத் தெரியும். உன்னைவிட ஆறு வயது பெரியவள், உன்னை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தவள் என்று நீ சொன்னபோது என் மனசில் இத்தனை வருஷமாக இருந்த சின்னப் பெண் சட்டென்று வளர்ந்துவிட்டாள்.

கடைக்கார அம்மாவை விட்டு உன்னிடம் கேட்கச் சொன்னேன். அவர் உன் பாஷையில் மெதுவாகத்தான் கேட்டார். நீ பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய், அரை மணி நேரம் வரவில்லை. அதற்குப் பிறகு ராத்திரியில்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

தத்து ஏஜென்சிக்கு மெயில் போட்டேன். கோப்பில் வேறு உறவு யாரும் இல்லை, விடுதியில் பெரிய பெண்களையும் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவது வழக்கம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நம்ப வசதியான பதில், பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதமே எத்தியோப்பிய அரசு தத்துக் கோப்புகளை நாளைக்கு ஐந்துக்கு மேல் பார்க்கப்போவதில்லை என்று அறிவித்தது, பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே அநாதை என்று எழுதி அனுப்பிய பிள்ளைகளைப் பற்றிச் செய்திகள் வர ஆரம்பித்தன. 2010-ல் மட்டும் அமெரிக்காவுக்கு அங்கிருந்து வந்த பிள்ளைகள் சுமார் 2,500 பேர். அதில் எத்தனை பேருக்கு இஹிதே இருந்திருப்பாள்? நான் அதையெல்லாம் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இன்னும் கிளறினால் உன்னைத் திரும்பக் கேட்டுவிடுவார்கள் என்று பயம். 2018 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தையே அவர்கள் சட்டம் போட்டு நிறுத்தியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் நீ மன்னிக்க வேண்டியிருக்கும், மற்றதைவிட.

பாஷை போனதும் என்னால்தான். ஏழே மாதம், உனக்கு ‘வுஹா’கூட ஞாபகமில்லை. வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்று பள்ளியில் சொன்னார்கள், நான் அதோடு தமிழையும் சேர்த்துக்கொண்டேன். லான்ஹம் கோவிலில் பிரதட்சணம் வருகிறவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், தஞ்சாவூர்ப் பாட்டி “நம்ம ஊரில் பிள்ளையே கிடைக்கலியா” என்று உன் காதில் விழவே கேட்டாள், அவர்கள் முன்னால் நீ தமிழ் பேசினால் எனக்கு ஒரு வீம்பு. வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் எத்தியோப்பிய சர்ச் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 33 வரிசை, ஏழு பத்தி, நம்ம உயிர்மெய் அட்டவணை மாதிரியேதான். இரண்டையும் நீ ஒரே வருஷத்தில் கற்றிருப்பாய். இப்போது இருபத்திரண்டு வயதில், ஃபோனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு அக்காவிடம் பேச வார்த்தை பொறுக்குகிறாய்.

இன்னொன்று. நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்கவில்லை. வந்த இரண்டாம் வாரம், கல்தோசை ஒரு பக்கம் மட்டும் வெந்து கண் கண்ணாக இருந்ததைப் பார்த்து உன் முகம் அப்படியே மலர்ந்தது. இஞ்சேரா என்று நினைத்தாய். துண்டு பிய்த்து, சாம்பாரில் தோய்த்து, சுருட்டி, எழுந்து நின்று என் வாய்க்கு நேரே நீட்டினாய். நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். வேறொன்றுமில்லை, எச்சில். நீ விரலை நக்கிவிட்டு எடுத்த துண்டு, பிறந்ததிலிருந்து ஊறின பழக்கம், யோசிப்பதற்குள் தலை போய்விட்டது. அன்பாக ஒருவர் வாயில் இன்னொருவர் ஊட்டுகிற அந்த குர்ஷா என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. நீ அதை நீயே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். திரும்ப நீட்டவே இல்லை.

சரி. இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். உன் கோப்பு முழுசையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன், கோர்ட் தீர்ப்பின் இரண்டாம் பக்கத்தில் உன் பழைய முழுப்பெயர் இருக்கிறது. நம்ம இனிஷியல் மாதிரி உங்கள் ஊரிலும் பெயருக்குப் பக்கத்தில் வருவது தகப்பன் பெயர்தான், அதை எடுத்துவிட்டு அப்பாவின் பெயரைப் போட்டோம், யோசிக்கவே இல்லை. அவளுடைய அடையாள அட்டையிலும் அந்தத் தகப்பன் பெயர்தான் இருக்க வேண்டும், ஒத்துப் பார். டி.என்.ஏ. டெஸ்ட்டும் எடுங்கள், அவளுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

அவள் இருக்கிற டெப்ரெ பிர்ஹானுக்கு நீ போகாதே. அடிஸ் அபாபாவிலிருந்து 130 கிலோமீட்டர்தான் என்று நீ சொல்கிறாய், ஆனால் 2023-லிருந்து அம்ஹாரா பக்கம் சண்டை, ரோடு எப்போது மூடும் என்று தெரியாது. அவளுக்கும் அதே ரோடுதான் என்பது எனக்குத் தெரியும். அங்கே பழகினவர்களைக் கேட்டு, பயமில்லாத நாளில் வரச் சொல். உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், தங்க நல்ல அறை எடுத்துக் கொடு, திரும்பிப் போகிற செலவையும் கையில் கொடுத்துவிடு, கேட்கும்படி வைக்காதே. அவர்கள் மணியை விடிகாலை ஆறிலிருந்து எண்ணுவார்கள், அவள் காலை நாலு மணிக்கு வருகிறேன் என்றால் நம்ம பத்து மணி. உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

நோட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என் எழுத்தில் அது டாபோவா தாபோவா என்று எனக்கே இப்போது தெரியவில்லை, நீ படித்துக் காட்டு, அவள் திருத்துவாள். வரட்டுமா என்று அப்பா கேட்கிறார். நான் கேட்கவில்லை. நீ வரச் சொன்னால் டிக்கெட் போடுவோம், வேண்டாம் என்றால் வேண்டாம்.

பதில் எழுத வேண்டாம், ஃபோன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன். லைன் சரியில்லை என்று சொல்லமாட்டேன்.

அம்மா