ஐந்தை இரண்டாக்குங்கள்: மாநில நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

என் மகளின் சுவிஸ் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைக் கிமைண்டே (எங்கள் உள்ளூராட்சி மன்றம்) திருப்பி அனுப்பிவிட்டது. காரணம் ஒரே வரி: இந்த மாநிலத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வசிக்கவில்லை. அந்த விதியை வகுத்தவர்கள் கிமைண்டே அலுவலர்கள் அல்ல, நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவள் சூரிச்சில் பிறந்தவள். பாலர் பள்ளி முதல் தொழிற்பயிற்சி வரை எல்லாம் இந்த நாட்டில்தான். தம்பியோடு சண்டை பிடிப்பதும் சுவிஸ் டொச்சில்தான் (இங்கத்தைய ஜெர்மன் பேச்சுமொழி). எனக்கு விளங்கக்கூடாத இடத்தில் இன்னும் வேகமாகப் பேசுவாள். கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் 10 ஆண்டு அவளுக்கு எப்போதோ நிரம்பிவிட்டது. 8 வயதிலிருந்து 18 வரையான காலத்தை இரட்டிப்பாக எண்ணும்படி அதே சட்டம் சொல்கிறது.

விண்ணப்பிக்க ஆயத்தமான நேரத்தில், கட்டிடத்தைத் திருத்தப்போகிறோம், எல்லோரும் வெளியேறுங்கள் என்று உரிமையாளரின் அறிவித்தல் வந்தது. சூரிச்சில் இது புதினமில்லை. எங்கள் சம்பளத்துக்கு வீடு அகப்பட்டது மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், உங்கள் மாநிலத்தில். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் மாறவில்லை, பல் வைத்தியர் மாறவில்லை, தோழிகள் மாறவில்லை. ஆண்டுக் கணக்கு மட்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

பொலிஸில் சேர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கு இங்கே சுவிஸ் பிரஜையாக இருக்கவேண்டும். ஐந்து ஆண்டு காத்திருந்து, பிறகு கிமைண்டே, மாநிலம், கூட்டாட்சி அரசு என்று மூன்று படியும் ஏறி முடிப்பதற்குள் அவளுக்கு முப்பது தாண்டிவிடும். "விடுங்கோ அம்மா, நான் முதியோர் இல்லத்திலேயே இருக்கிறன்" என்கிறாள். பொலிஸுக்கு ஆள் போதவில்லை என்று சபையில் கவலைப்படுபவர்களும் நீங்கள்தான்.

2018இல் நடைமுறைக்கு வந்த அந்தக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை இடம் தந்திருக்கிறது. சூரிச், பேர்ண் மாநிலங்கள் இரண்டு என்று வைத்தன. அங்கே ஒன்றும் இடிந்து விழவில்லை. நீங்களும் இரண்டு என்று வைக்கலாம். கூட்டாட்சி அரசின் அனுமதிகூடத் தேவையில்லை.

வரிப் படிவம் மட்டும் குடிவந்த முதல் ஆண்டே வந்து சேர்ந்தது. அதற்கு ஐந்து ஆண்டு பொறுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஒருங்கிணையுங்கள், ஒருங்கிணையுங்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்த நாடு இது. சுவீத்ஸ் மாநிலத்து ஆர்த் கிராமத்தில், பல்லாண்டு வாழ்ந்த இத்தாலியர் ஒருவர் பிரஜாவுரிமை நேர்காணலில் தடுக்கிய கேள்விகளில் ஒன்று, கோல்டௌ விலங்குப் பூங்காவில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது பற்றியது. கடைசியில் அவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அந்தக் கரடியும் ஓநாயும் எந்த மாநிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குச் சலுகை கேட்கவில்லை. அவளுடைய மொழியைச் சோதியுங்கள், வரியைப் பாருங்கள், பொலிஸ் பதிவைப் பாருங்கள். வீடு மாறியதை மட்டும் குற்றமாக எண்ணாதீர்கள். ஐந்தை இரண்டாக்கும் திருத்தத்தை அடுத்த அமர்வில் உங்களில் ஒருவராவது முன்வைக்கவேண்டும் என்று தாழ்மையுடன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சி அனுமதியில் (நிரந்தர வதிவிட அனுமதி) வாழும் ஒரு தாய்