புழு எச்சில் வந்துருச்சுன்னு ஊசிய நிப்பாட்டிட்டான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்துல "இனி ஊசி வேண்டாம், புழு எச்சில் போதும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க. அந்தத் தலைப்ப படிச்சிட்டுத்தான் எங்க அக்கா மகன் ரெண்டு வாரம் கிளினிக் போகாம இருந்துட்டான். நான் இருவது வருசமா உங்க பேப்பர் வாசிக்கிறவ, பிள்ளைக்காம்பராவுல, அதான் தோட்டத்துப் பிள்ளைகளப் பார்த்துக்கிற எடத்துல, வேலை செஞ்சப்ப பழைய பேப்பரக்கூட மடிச்சு வச்சு படிச்சிருக்கேன், அதனாலதான் மனசு தாங்காம எழுதுறேன்.

அவனுக்கு வந்தது நீங்க எழுதியிருந்த அதே லீஷ்மேனியாசிஸ், மணல் ஈ கடிச்சு தோல்ல ஆறாத புண்ணா வர்ற நோய். தோட்டத்துல சம்பளம் பத்தலன்னு அனுராதபுரம் பக்கம் மேசன் வேலைக்கு போனவன், தகரக் கொட்டாயில படுத்து எந்திரிச்சவன், தீவாளிக்கு வரும்போது முழங்கைக்கு கீழ ஒரு சின்ன பரு மாதிரி இருந்துச்சு. வலியும் இல்ல அரிப்பும் இல்ல, அதனாலயே யாரும் கணக்கெடுக்கல. டிஸ்பென்சரியில படைன்னு சொல்லி மூணு மாசம் ஓயின்மென்ட்தான் குடுத்தாங்க. அது காசு அளவுக்கு பெருத்து, சுத்தி வரம்பு கட்டுன மாதிரி மேடா, நடுவுல பள்ளமா போச்சு. அப்புறம் டவுன் ஆஸ்பத்திரியில அந்த ஓரத்த சுரண்டி கண்ணாடியில தேச்சு மைக்ரோஸ்கோப்ல பார்த்துத்தான் என்ன நோய்னே சொன்னாங்க. வாரம் ஒரு ஊசி, அதுவும் அந்தப் புண்ணுக்குள்ளயே சுத்திச் சுத்திக் குத்துவாங்க. மொத நாள் அவன் என் கைய புடிச்ச புடியில என் வளவி உடைஞ்சிருச்சு. ரெண்டு பஸ் மாறணும், அன்னைக்கு வேலையும் போச்சு, சம்பளமும் போச்சு. இப்படி இருக்கிற பையன் ஊசி வேண்டாம்னு பேப்பர்ல பார்த்தா நம்பாம என்ன செய்வான் ஐயா?

புண்ணுல புழுவ விட்டு சுத்தம் பண்ணி ஆத்துற புழு வைத்தியம் பொய்னு நான் சொல்ல வரல. எங்க சின்னவ பேராதனை யுனிவர்சிட்டியில படிக்கிறா, அவ தேடி எனக்கு வெளங்கப்படுத்துனா. மொதல் உலக யுத்தத்துல அடிபட்டு கெடந்த சிப்பாய்ங்க புண்ணுல புழு இருந்தும் புண்ணு சுத்தமா இருந்தத வில்லியம் பேயர்னு ஒரு அமெரிக்க டாக்டர் பார்த்து, பின்னால அதயே வைத்தியமா செஞ்சாராம். 2004ல அமெரிக்காவுல ஆறாத புண்ணுக்கு அனுமதியும் குடுத்திருக்காங்க. ஆனா அது கிருமி இல்லாம லெப்ல வளக்குற பச்சை ஈப் புழு. இந்த நோய்க்கு அதோட எச்சிலப் போட்டு பார்த்ததெல்லாம் லெப்ல, அப்புறம் எலி மாதிரி பிராணிகள்ல, அதுல நல்ல பலன் தெரிஞ்சிருக்கு, இன்னும் ஆராய்ச்சிதான். இந்த ஒரு விசயத்த நீங்க எழுதியிருந்தா போதும். எழுதாததால பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அண்ணன் ஒருத்தர் கருவாட்டுல நெளிஞ்ச புழுவ டின்ல போட்டு எடுத்துக்கிட்டு, இத வச்சுக் கட்டலாமான்னு எங்க வாசலுக்கே வந்துட்டாரு. மாட்டுக்கும் நாய்க்கும் புழு வச்சா உசுரோட இருக்கிற சதைய எப்படி தின்னும்னு தோட்டத்துல பார்க்காத ஆள் இல்ல. ஊர்ப் புழுவ மனுசன் புண்ணுல வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

அதே கட்டுரையில "சுத்தமில்லாத லயங்களில் வாழ்வோரிடம் பரவும் நோய்"னு ஒரு வரி. ஐயா, இத பரப்புறது மணல் ஈ, சிங்களத்துல வெலி மெஸ்ஸான்னு சொல்லுவாங்க, நுளம்ப விட சின்னது, பொழுது சாஞ்சா கடிக்கும். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை பக்கம்தான் நோய் கூட. ஒரு தட்டுல சாப்பிட்டா ஒட்டாது. ஆனா அந்த வரிய படிச்ச பொறகு அவனுக்கு தேத்தண்ணி குடுக்க தனி கோப்பை வச்சுட்டாங்க ஐயா, சொந்தக்காரங்களே.

மீரியபெத்த தோட்டத்துல மண்ணு சரிஞ்சப்ப கெமராவோட வந்தீங்க, 1000 ரூவா நாள் சம்பளத்துக்கு கத்துனப்ப வந்தீங்க, மத்த நாளையில எங்கள பத்தி எழுதுனா அழுக்கு, குடி, படிப்பில்லாதவங்க. லயத்துல தண்ணிக் குழாய் ஒன்னுக்கு பதினாலு குடும்பம் நிக்கிறத எழுதிட்டு சுத்தத்த பத்தி எழுதுங்க. கிளினிக்ல குடுக்குற துண்டுச் சீட்டுகூட சிங்களத்துல இருக்கு, அடுத்த தேதிய நாங்க கேட்டு கேட்டு எழுதிக்கிறோம், அதையும் ஒரு நாளாவது எழுதுங்க.

நான் கேக்குறது சின்ன விசயம். அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, ஊசிய நிப்பாட்ட வேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம், வலிக்காத புண்ணு ஒரு மாசத்துக்கு மேல ஆறலன்னா தோல் கிளினிக்குக்கு காட்டுங்கன்னு போடுங்க. மூலையில சின்னதா போட்டுறாதீங்க. அடுத்த செவ்வாய் அவன் திரும்ப கிளினிக் போறான், நான்தான் கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி ஒருத்தி,
மலைநாடு