செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழையால் தள்ளிப்போன ஒரு கூட்டம் தவிர, மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டு முழுக்க அதிகம் பேசப்பட்டவர் எடுவார் த ஃப்ரோமாந்தெல். பெயர் வாயில் நுழையாததால் நம் வட்டத்தில் அவர் ‘பவள டாக்டர்’ ஆகிவிட்டார். 1824-இல் கிழக்கு பிரான்சில் ஷாம்ப்ளித் என்ற ஊரில் பிறந்தவர். கிரே என்ற சிறு நகரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டே புதைபடிவப் பவளங்களையும் கடற்பஞ்சுகளையும் ஆராய்ந்தார். கிரேயைச் சுற்றிக் கிடைத்த ஜுராசிக் காலப் பவளங்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

அவரைப் பற்றிய உரை நடந்த அன்று உறுப்பினர் ஒருவர் ஒரு புதைபடிவப் பவளக்கல்லை டைல்ஸ் வெட்டும் மெஷினில் குறுக்காக அறுத்து, தண்ணீர் விட்டு எமரி பேப்பரில் தேய்த்துக் கொண்டுவந்தார். லென்ஸில் பார்த்தால் சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். முதலில் ஆறு, அவற்றின் இடையில் இன்னும் ஆறு, அப்புறம் இன்னும் பொடியாகப் பன்னிரண்டு. இனம் பிரிக்க இந்தத் தடுப்புகளைத்தான் எண்ணுவார்களாம். மூன்று பேர் எண்ணினோம், மூன்று விடை வந்தது.

கடற்பஞ்சில் டாக்டரின் கணக்கு நிலைக்கவில்லை. 1859-இல் வெளிவந்த நூலில், கண்ணுக்குத் தெரியும் துளைகளையும் குழாய்களையும் வைத்து அவற்றை வகை பிரித்தார். 1870-களில் ஜெர்மானியர் சிட்டெல் எலும்புச்சட்டத்தையே நுண்ணோக்கியில் பார்த்து அந்த வரிசையைக் கலைத்துவிட்டார். வெளித்துளையை நம்பியது தப்புதான். ஆனால் கலைக்கவும் முதலில் ஒரு வரிசை வேண்டுமே.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அவருடைய முக்கிய எழுத்துகள் பல அச்சேறியது பாரிஸின் பெரிய ஏடுகளில் அல்ல. நியோகோமியன் பாறைகளின் (ஜுராசிக்குக்கு அடுத்த காலத்தின் தொடக்கத்தில் உருவானவை) பவளங்களைப் பற்றிய 1857-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்டது பிரான்சின் யோன் மாவட்டச் சங்கம். அடுத்து வந்த பவள அறிமுக நூல் டூ மாவட்டச் சங்கத்தின் ஏட்டில், கடற்பஞ்சு நூல் நார்மண்டி சங்கத்தின் ஏட்டில். எல்லாம் நம்மைப் போல் சந்தா வசூலித்து ஓட்டிய உள்ளூர்ச் சங்கங்கள்.

நம் ஆண்டு மலருக்கு இதுவரை வந்திருப்பது இரண்டு கட்டுரை, ஒரு கவிதை. கவிதை தலைவருடையது. மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. கையால் எழுதிக் கொடுத்தாலும் சரி, நானே டைப் அடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்