மூலம் என்று நீயே முடிவுகட்டாதே

அன்புள்ள தம்பிக்கு,

"மூலம்தான் அம்மா, வெள்ளவத்தையிலை பார்மசியிலை ட்யூப் வாங்கிட்டன்" என்று போனில் சொன்னாய். மூலமாக இருக்கலாம். ஆனால் 48 வயதில் ஒரு மாதமாக மலவாசலால் இரத்தம் போகிறவனுக்கு, உள்ளே பார்க்காமல் டொக்டரே அந்தப் பெயரை வைக்கமாட்டார். மூலம் உள்ளவனுக்கு மேலே பெருங்குடலில் பொலிப் என்ற சதை வளர்ச்சியும் இருக்கலாம். ட்யூப் பூசி இரத்தம் நின்றாலும் பொலிப் அங்கேயே இருக்கும்.

முதலில் இரத்தத்தை வடிவாகப் பார். மலம் போனபின் சொட்டுச் சொட்டாகச் சிவப்பாய் விழுந்தால் பெரும்பாலும் ஆசனவாய்ப் பக்கம்: நோவில்லாவிட்டால் மூலம், கத்தியால் கீறுவதுபோல் நொந்தால் வெடிப்பு. மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாய், சளியோடு வந்தால் பெருங்குடலில் தேட வேண்டும். தார்போலக் கறுத்து, ஒட்டி, கெட்ட நாற்றமடித்தால் இரைப்பைப் பக்கம். இரும்புக் குளிசையும் கறுப்பாக்கும், ஆனால் அப்படி ஒட்டாது. முதல்நாள் பீற்றூட் கறி சாப்பிட்டதையும் மறக்காதே!

கட்டிகட்டியாகக் கொட்டினால், தலைசுற்றினால், வியர்த்தால், ஓட்டோ பிடித்துக் காலி வீதி நெரிசலில் நிற்காதே. 1990க்கு அடி, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நாடித்துடிப்பு பிறஷரின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் ஆபத்து. அந்த நேரத்தில் எடுத்த ஹீமோகுளோபின் 12 என்று வந்தாலும் ஏமாறாதே; இரத்தம் போனவுடன் அது குறையாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் காட்டும்.

உனக்கு இப்போது தேவை ஆசனவாயில் விரல் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, பிறகு கொலொனோஸ்கோபி, அதாவது கமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. பெரியப்பாவுக்குக் குடல் புற்றுநோய் இருந்ததைச் சொல், வெட்கப்படாதே.

கொலொனோஸ்கோபி பிழையாய்ப் போவது அநேகமாகக் குடலைக் கழுவும் மருந்தைக் குடிப்பதில்தான். ஒரு கிழமைக்கு முன்பே இரும்புக் குளிசையை நிறுத்து. இரண்டு மூன்று நாளைக்குக் கீரை, பருப்பு, கொய்யா, சிவப்பரிசி வேண்டாம்; வெள்ளைச் சோறு, மீன், முட்டை போதும். முதல்நாள் தெளிந்த பானங்கள் மட்டும். நெக்டோ மாதிரிச் சிவப்புச் சோடா குடித்தால் உள்ளே இரத்தம்போலத் தெரியும். கழுவும் மருந்து வழக்கமாக 4 லீற்றர்: பாதி முதல்நாள் மாலை, பாதி பரிசோதனைக்கு நாலைந்து மணித்தியாலம் முன் தொடங்கி, இரண்டு மணித்தியாலத்துக்கு முன் முடி. கால் மணிக்கு ஒரு கிளாஸ். பிரிட்ஜில் வைத்துக் குடித்தால் குமட்டல் குறைவு. விடியப்புறம் எழும்பப் பஞ்சிப்பட்டு இரண்டாம் பாதியை விடுகிறவர்கள்தான் அதிகம். வலப்பக்கக் குடல் அழுக்காகவே கிடக்கும், அங்கே தட்டையாக இருக்கும் பொலிப் கண்ணில் படாது. கடைசியில் சிறுநீர்போல மஞ்சளாய்த் தெளிந்து போகவேண்டும். உனக்குக் கொடுக்கும் தாளில் நேரம் வேறாக இருந்தால் அதன்படி செய்.

சின்னப் பொலிப் என்றால் அப்போதே கம்பி வளையத்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள். குடற்சுவரில் பை விழுந்து அதிலிருந்து வரும் இரத்தம் அநேகமாகத் தானே நிற்கும். நிற்காவிட்டால் கிளிப் போடலாம். அதுவும் சரிவராவிட்டால் சிரி அஞ்சியோ (சாயம் ஏற்றி இரத்தநாளங்களைப் பார்க்கும் ஸ்கான்) எடுத்து, கசியும் நாளத்தை உள்ளிருந்தே அடைப்பார்கள். ஒப்பரேஷன் கடைசி.

முதுகு நோவுக்கு நீ போடும் டைக்ளோபெனாக்கை இன்றே நிறுத்து, பனடோல் போடு. மாமாவுக்கும் இரத்தம் போகுதாம் என்றாய். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு எழுதிய அஸ்பிரினை அவர் தன்பாட்டில் நிறுத்தக்கூடாது, இன்றே இதய டொக்டரைக் கேட்கட்டும். காய்ச்சலோடு இரத்தம் போனால் கதை வேறு: கொழும்பில் டெங்குவை நினை, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. வயிற்றோட்டத்தோடு இரத்தமும் காய்ச்சலும் இருந்தால், ஓட்டத்தைக் கட்டும் குளிசை போடாதே.

மயக்க ஊசி போடுவதால் அன்று நீ மோட்டார் சைக்கிள் ஓட ஏலாது, கூட ஒராள் வேண்டும். திகதியைச் சொல், முதல்நாளே வவுனியாவிலிருந்து ரயிலேறுகிறேன்.

அம்மா