நாலு பிஸ்கற்

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பு மகள்,

நேற்று போனை வைத்த பிறகும் மனம் ஆறவில்லை. உன் மகன், எங்கட தம்பி, 50 வரை தடக்காமல் சொன்னான். "நாலு பிஸ்கற் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன், கை நிறைய அள்ளி வந்தான். உடனே நீ அவனைப் பேசிப்போட்டாய்.

பேசாதை பிள்ளை. எண்களை வரிசையாகச் சொல்வது தேவாரம் பாடமாக்குகிற மாதிரி, எண்ணுவது வேறு. ஐந்து சாமானை எண்ணவிட்டு, "எத்தனை?" என்று கேட்டுப் பார். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அது பிடிபட அநேகமாக மூன்றரை, நாலு வயதாகும். 50ஐ 60 ஆக்காமல் மூன்றுக்குள்ளேயே விளையாடு. இரண்டு தா, மூன்று தா, அவ்வளவுதான்.

அம்மம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா போனது ஞாபகமா? 7 வெந்நீர்க் கிணற்றையும் சுற்றி எண்ணி 9 என்றாய். தொடங்கிய இடம் தாண்டியும் எண்ணிக்கொண்டே போயிருக்கிறாய். உன் ஒரு செருப்பைக் கழற்றி முதல் கிணற்றடியில் வைத்தேன். செருப்பு வந்ததும் நின்றாய். 7. "அப்ப மற்ற ரெண்டும் எங்க போச்சு?" என்று அழுகை. இராவணன் வாளால் குத்தித் தண்ணி வரவைத்ததே ஏழு இடத்தில்தான் என்று அப்பா சொன்னதை நீ நம்பவே இல்லை.

கூட எது, குறைய எது என்பதும் அப்படித்தான். ஐந்து புளியங்கொட்டையை நெருக்கியும் ஐந்தை அகட்டியும் வைத்தால், அகட்டினதுதான் கூட என்பான். பாலர் பாடசாலைப் பயிற்சியில் இதை உளவியலாளர் பியாஜேயின் பரிசோதனை என்று படித்தோம். உன் அண்ணன் படிக்காமலே செய்தான்: உனக்கு ஐந்தை அகட்டி வைத்துவிட்டு, தனக்கு ஆறை நெருக்கி வைப்பான். நீ சிரித்துக்கொண்டு போவாய், கள்ளன்! தம்பியைத் திருத்தாமல், ஒன்றுக்கு ஒன்று சோடி சேர்க்கவிடு. மிஞ்சுவதை அவன் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, வீட்டில் தமிழில் எண்ணுங்கோ. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று சொல்லிலேயே கிடக்கிறது. லெவனில் அது தெரியாது.

சனி காலை கோணேசர் கோயிலுக்குப் போகிறேன். அங்க உங்களுக்கு அப்ப இரவு, தம்பி படுக்க முதல் கோல் எடு, கோயில் இருக்கிற கோட்டைக்குள் நிற்கும் மான்களைக் காட்டுகிறேன். ஓரிடத்தில் நில்லாததை எண்ண எனக்கே ஏலாது. அவன் எத்தனை என்றாலும் சரி என்றுதான் சொல்லப்போகிறேன்.

அம்மா