ஒரு தாள், இரண்டு கையெழுத்து

மதிப்பிற்குரிய புற்றுநோய்ப் பிரிவுத் தலைவருக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுத் தலைவருக்கும்,

வணக்கம். தனித்தனியே எழுதினால் ஒருவருக்கு வந்ததை மற்றவர் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் இருவருக்கும் சேர்த்து, எல்லோரும் படிக்கும்படி இந்த மடல்.

போன வாரம் ஓபியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு, வயிற்றிலிருந்து கொழுப்பெடுத்து மார்பில் வைத்துக்கொண்டவர். புற்றுநோய் திரும்பாமல் இருக்கச் சாப்பிடும் தமாக்சிஃபென் மாத்திரையைத் தீபாவளியோடு நிறுத்திவிட்டாராம். "அது ஸ்டெம் செல்லைக் கொன்றுவிடும், வைத்த கொழுப்பெல்லாம் கரைந்துவிடும்" என்று வாட்ஸப்பில் வந்ததாம். டாக்டரிடம் கேட்கவில்லையா என்றேன். கேட்டிருக்கிறார். கேன்சர் டாக்டர் "அதைப் பிளாஸ்டிக்கில் கேளும்மா" என்றாராம். பிளாஸ்டிக்கில் "மாத்திரை விஷயம் எங்களுடையது இல்லை" என்றார்களாம். அப்புறம் யாரிடம் கேட்பார்? பதில் சொன்னது வாட்ஸப்தான்.

அது முழுப்பொய்யாக இருந்திருந்தால் நானே அங்கேயே சொல்லித் திருத்தியிருப்பேன். பாதி உண்மை என்பதுதான் தொல்லை. நம் கொழுப்பில் ஸ்டெம் செல், அதாவது வேறு அணுக்களாக மாறக்கூடிய மூல அணு, இருப்பதை 2001இல் பேட்ரீசியா சூக் குழுவினர் காட்டினார்கள். இடம் மாற்றி வைத்த கொழுப்புக்கு முதல் சில நாட்கள் ரத்த ஓட்டமே கிடையாது. ஓரத்தில் இருப்பது பிழைக்கும், நடுவில் இருப்பது சாகும். அந்த நேரத்தில் புதுக் கொழுப்பணுக்களை உண்டாக்குவதும் ரத்தக்குழாய் வளரத் தூண்டுவதும் இந்த ஸ்டெம் செல்கள்தான். ஆய்வகத் தட்டில் அவற்றின்மேல் தமாக்சிஃபெனை விட்டால் பெருகுவது குறைகிறது, அளவு கூடினால் சாகவும் செய்கின்றன. கீமோவில் ஏற்றும் டாக்சோரூபிசினும் அவற்றைக் கெடுக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லாதது மீதிப் பாதி. தட்டில் விடும் அளவு பல ஆய்வுகளில் நம் ரத்தத்தில் ஓடும் அளவைவிட அதிகம். தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்றில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, அதாவது அந்தப் பெண் ஹார்மோனால் வளரக்கூடிய, கட்டிக்கு இந்த மாத்திரையை ஐந்து வருடம் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கரைந்த கொழுப்பை இன்னொரு தடவை வைக்கலாம். இதை அவருக்குச் சொல்ல உங்களில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

என் கதையும் அதே ரகம்தான். எனக்குக் கொழுப்பு ஒட்டு வைத்த இடத்தில் புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. மேமோகிராமில் வெள்ளைப் புள்ளிகள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. குளிக்கும்போதெல்லாம் கை தானாக அங்கேதான் போகும். கடைசியில், "ஃபேட் நெக்ரோசிஸ்மா, செத்த கொழுப்பு, ஒன்றுமில்லை" என்றார்கள். ஒன்றுமில்லைதான். இப்படி ஒரு கட்டி வரலாம், வந்தால் பயப்படாமல் வந்து காட்டுங்கள் என்று ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த நாட்கள் வேறு மாதிரிப் போயிருக்கும். நான் கையெழுத்துப் போட்ட ஆங்கிலப் படிவத்தில் அது இருந்ததாம். சரி.

வார்டில் "ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்துங்க" என்றார்கள். தமாக்சிஃபென் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், அது உடைந்து உண்டாகும் பொருளுக்குச் சுமார் இரண்டு வாரம். அப்படியென்றால் அந்த இரண்டு நாள் யாருக்காக? இந்த மாத்திரையால் ரத்தக்கட்டு வரலாம் என்ற பயத்தால் பெரிய ஒட்டறுவைக்கு முன் சில வாரங்கள் நிறுத்தும் சர்ஜன்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கொழுப்பு ஒட்டுக்கும் அது பொருந்துமா என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்தால் போதும்.

உங்கள் வாசலைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு வரை ஸ்டெம் செல் போர்டுதான். முடிக்கு, முகத்துக்கு, மூட்டுக்கு. ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை போன்றவை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிக்குள்தான் நடக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இலேயே சொல்லிவிட்டது. போர்டுகளோ விளக்கு போட்டு நிற்கின்றன. அவர்கள் மட்டும் எவ்வளவு அழகான தமிழில் எழுதுகிறார்கள்! படித்த நீங்கள் பேசாமல் இருந்தால் பேசுவது அவர்கள்தானே.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது ஒன்றுதான். கொழுப்பு ஒட்டு வைக்கும் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு தாள். எந்த மாத்திரையைத் தொடர வேண்டும், எதை, எத்தனை நாள், யார் சொன்னால் நிறுத்தலாம், கட்டி தட்டுப்பட்டால் எந்த அறைக்கு வர வேண்டும். கீழே உங்கள் இருவர் கையெழுத்தும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது.

எழுத நேரமில்லை என்றால் எங்களில் சிலர் எழுதித் தருகிறோம், நீங்கள் திருத்திக் கொடுங்கள். அந்தப் பெண் அடுத்த மாதம் மறுபடி ஓபிக்கு வருகிறார். தயவுசெய்து அதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிரிவுகளிலும் ஃபைல் உள்ள ஒரு நோயாளி